என் மகளைப் பட்டினி போட 18,500 ரூபாய் கொடுத்தேன்

இன்று காலை ஸ்கூல் பிரேயரில் என் மகள் மயங்கி விழுந்தாள். பத்தாம் வகுப்பு, வயது 15. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒரு வெயிட் லாஸ் சென்டருக்கு நான் கட்டிய பணம் 18,500 ரூபாய்.

வகுப்பில் யாரோ "குண்டு" என்றதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தானாகப் பட்டினி கிடப்பதற்கு, விவரம் தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நானேதான் அங்கே கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மெஷினில் ஏற்றினார்கள். 158 செ.மீ., 54 கிலோ. மெஷினிலிருந்து வந்த சீட்டைக் கிழித்து நீட்டினார் சென்டர் நடத்தும் அம்மா. "உடல் வயது 31" என்று இருந்தது. பிள்ளையின் முகம் செத்துவிட்டது. உடனே அவள் தலையைத் தடவி, "கவலைப்படாத பாப்பா, மூணு மாசத்துல ஒன்பது கிலோ குறைச்சிடலாம். அக்கா, என் பொண்ணுக்கும் இதேதான் கொடுக்கிறேன்" என்றார். அந்த வார்த்தையில் விழுந்தேன். சீட்டு கட்ட வைத்திருந்த பணத்தை அங்கேயே நின்று ஜிபே பண்ணினேன். பில்கூடக் கேட்கவில்லை.

காலையும் இரவும், அவர் கொடுத்த டப்பாப் பொடியைக் கலக்கிய ஷேக். மதியம் இரண்டு சப்பாத்தி, ஒரு கப் காய். ஆறு வாரத்தில் ஏழு கிலோ இறங்கியது. சுடிதார் தொளதொளவென்று ஆனதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன், அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

அப்புறம் சீப்பு நிறைய முடி வந்தது. மாதவிலக்கு தள்ளிப்போனது. கேட்டதற்கு, "அழுக்கெல்லாம் வெளியே போகுதுக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றார். தலைசுற்றுகிறது என்றதற்கு, தண்ணீர் போதவில்லையாம். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தேன். "டப்பா பிரிச்சாச்சு, பணம் கம்பெனிக்குப் போயிடுச்சு" என்று வைத்துவிட்டார். இப்போது நம்பரை பிளாக் செய்துவிட்டார். 18,500 ரூபாய்!

டாக்டர் வயதுக்கான வளர்ச்சி அட்டவணையில் பழைய எடையைக் குறித்துக் காட்டினார். அவள் எடை சரியாகத்தான் இருந்திருக்கிறது. பெரியவர்களுக்கான கணக்கை வளரும் பிள்ளைக்குப் போடவே கூடாதாம். இந்த வயதுப் பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 2,400 கலோரி வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்). இவளுக்கு அதில் பாதிகூடப் போகவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

இதைப் படிக்கும் அம்மா அப்பாக்களே, 18 வயதுக்குக் கீழே இருந்தால் முதலில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது உணவு விற்க உரிமம், எடை குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாதவிலக்கு தள்ளினால் அன்றைக்கே ஷேக்கை நிறுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாளைக் காலை நான் கூப்பிடப்போகிறேன். எழுந்து தயிர்சாதம் கேட்கிறாள், போகிறேன்.