நாதுலா அனுமதிச் சீட்டு என்று சொல்லி 27,500 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: எச்சரிக்கையாக இருங்கள்

சிக்கிம் செல்லத் திட்டமிட்டிருக்கும் நீலகிரி அன்பர்கள், குறிப்பாகக் கேங்டாக்கில் தங்கி ஒரே நாளில் நாதுலா எல்லைக்குச் சென்று திரும்பலாம் என்று எண்ணியிருப்பவர்கள், யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். சுற்றுலாப் பயணங்களை இணையவழியில் விற்கும் ஒரு தளம் எங்கள் குடும்பத்திடம் 27,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாதுலா மூடியிருக்கும் ஒரு திங்கட்கிழமைக்குப் போலி அனுமதிச் சீட்டை அனுப்பிவைத்தது. நேற்றிரவுதான் கோத்தகிரி வந்து சேர்ந்தோம். பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

என் தாய்மாமா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். கேங்டாக்கிலிருந்து நாதுலா ஏறும் சாலையில் பனிக்காலத்தில் சரக்கு கொண்டுபோன கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். 1967-இல் சீனப் படையோடு மோதல் நடந்த அந்தக் கணவாயில், 14,140 அடி உயரத்தில், இன்னொரு முறை நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்காகத்தான், பச்சைத் தேயிலைக்கு விலையே கிடைக்காத இந்தக் காலத்திலும், இலை போட்ட பணத்தில் சிறுகச் சிறுக எடுத்துவைத்தோம்.

அந்தத் தளத்தின் எண்ணுக்கு நான் அழைத்தபோது ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய இளைஞர், கோத்தகிரி என்று சொன்னதுமே தமிழுக்கு மாறினார். "அக்கா, நானும் அரவேணுப் பக்கம்தான். நம்ம ஊர்க்காரங்களுக்கு நானே கூட இருந்து பாத்துக்கறேன்" என்றார். மாமாவின் வயதைக் கேட்டார், இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். "தொட்டபெட்டா 8,650 அடிதான் அக்கா, இது அதைவிட ரொம்ப ஒசரம். மாமாவுக்குன்னு வண்டியில ஆக்சிஜன் சிலிண்டர் வெச்சிடச் சொல்றேன்" என்று அவர் அக்கறையோடு சொன்னபோது, எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் பேசுவது போலவே இருந்தது. ஆறு பேருக்குத் தனி வண்டி, எல்லை அனுமதி, மதிய உணவு, பனிக்காலணி எல்லாம் சேர்த்து 27,500 ரூபாய் என்றார். அன்று மாலையே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாளே வாட்ஸ்அப்பில் அனுமதிச் சீட்டு வந்தது. அரசு முத்திரை, எங்கள் ஆறு பேரின் பெயர்கள், புகைப்படங்கள், தேதி, வண்டி எண் என்று ஒன்றும் குறைவில்லை. 2024 மே மாதம் முதல் நம் மாவட்டத்துக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால், கைப்பேசியில் வரும் அனுமதிச் சீட்டு நமக்கெல்லாம் பழகிப்போன ஒன்று; அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கேங்டாக்கில் அன்று காலை விடுதி வாசலுக்கு வந்த ஓட்டுநர், அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி வண்டி எண் இருந்த இடத்தை மாமாவிடம் காட்டினார். அது மேற்கு வங்கப் பதிவெண். வெளிமாநில வண்டியை நாதுலா சாலையில் விடவே மாட்டார்கள் என்றும், திங்களும் செவ்வாயும் நாதுலாவில் பயணிகளுக்கு அனுமதி கிடையாது என்றும், மூன்றாம் மைல் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் அவர் இந்தியில் பொறுமையாக விளக்கினார். உண்மையான அனுமதி, பதிவுபெற்ற உள்ளூர் முகவர் வழியாக, அடையாள அட்டை நகலும் புகைப்படமும் கொடுத்து வழக்கமாக முந்தைய நாளில்தான் வாங்கப்படுகிறதாம். வாரக்கணக்கில் முன்பாகவே எங்கள் கைக்கு வந்த சீட்டு எப்படி உண்மையாக இருக்கும்? அவருக்குச் சொல்லப்பட்டிருந்த வேலையோ, எங்களை ஊருக்குள் சுற்றிக்காட்டுவது மட்டுமே. போகும் வழியில் இருக்கும் சாங்கு ஏரியையாவது பார்த்துவிடலாம் என்றால், அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். முந்தைய நாள் இரவே பாலிஷ் போட்டு வைத்திருந்த காலணியை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த மாமா, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்தவைதான் என்னைக் கொதிக்க வைக்கின்றன. அந்த இளைஞரை அழைத்தபோது, "நாளைக்குப் போயிக்கலாம் அக்கா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். நாளை என்பது செவ்வாய், அன்றும் கணவாய் மூடல்தான், புதன்கிழமை காலையிலேயே எங்களுக்கு விமானம். இதை எடுத்துச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார். பிறகு அழைத்தபோது தான் அந்த வேலையிலிருந்தே நின்றுவிட்டதாகச் சொன்னார். தளத்தின் வாடிக்கையாளர் சேவையில், உங்கள் புகார் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். கடைசியாக வந்த பதில், மோசமான வானிலை காரணமாகப் பயணம் ரத்தானதால் விதிமுறைப்படி பணத்தைத் திருப்பித் தர இயலாது என்பது. மேகத்தின் சுவடே இல்லாமல் கஞ்சன்ஜங்கா முழுவதும் தெரிந்துகொண்டிருந்த நாளுக்கு இந்தப் பதில்! 27,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். எழுபதைக் கடந்த மனிதரை இன்னொரு முறை அவ்வளவு தூரம் அழைத்துப்போவது எங்களுக்கு எளிதா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், இணைய மோசடிகளுக்கான 1930-இலும் புகார் பதிந்திருக்கிறேன். போகவிருப்பவர்கள் கவனிக்க: திங்கள், செவ்வாய்க்கு நாதுலா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ அசலாகக் கையில் இருக்கட்டும். கேங்டாக் போய்ச் சேர்ந்தபின், பதிவுபெற்ற முகவரின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, சிக்கிம் பதிவெண் கொண்ட வண்டிதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுமதிச் சீட்டு என்று ஒரு படத்தை வாங்கிவைத்திருப்பவர்கள் இன்றே 1930-ஐ அழையுங்கள்.