தொட்டால் உதிரும் செடி: கோஸ்ட் பிளான்டோடு மூன்று வருடம்

"கோஸ்ட் பிளான்ட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எப்படிங்க வருது?" என்று அலுவலகத் தோழி கேட்ட அன்று காலையில்தான், மழையில் அழுகிப்போன என் தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து வழித்துப் போட்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இலையில் நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி இது. தாவரவியல் பெயர் கிராப்டோபெட்டாலம் பராகுவாயென்ஸ். பெயரில்தான் பராகுவே, சொந்த ஊர் மெக்சிகோ. சாம்பல் பூத்த இலைகள் ரோஜாப்பூ அடுக்காக விரியும். நல்ல வெயிலில் லேசாக ரோஸ் நிறம் ஏறும், நிழலில் நீலச் சாம்பலாகவே நின்றுவிடும். அழகில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் பொறுமையைச் சோதித்தது இலை உதிர்வதுதான். நர்சரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்தபோதே பையில் ஏழெட்டு இலை கிடந்தது. அதற்குப் பிறகு துடைப்பம் பட்டால் உதிரும், காக்கை வந்து உட்கார்ந்தால் உதிரும், தொட்டியைத் திருப்பி வைத்தாலும் உதிரும். இலைமேல் இருக்கும் வெண்பூச்சு ஒரு மெழுகு. விரல் பட்டு அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது. ஆசையாகத் தொட்டுப் பார்க்கவே முடியாத செடி.

ஆனால் பெருக்கித் தள்ள மறந்த இலை ஒன்று, பால்கனி மூலையில் வெறும் சிமென்ட் தரையில் கிடந்தபடியே வேர் விட்டிருந்தது! நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர், அதன் நடுவே மிளகளவு ஓர் அடுக்கு. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதன்பின் உதிர்வதையெல்லாம் ஒரு தட்டில் சேர்க்கிறேன். நாமே பறிப்பதென்றால் இலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, அடி முழுசாக வரும்படி எடுக்க வேண்டும். அடி கிழிந்தால் முளைக்காது. இரண்டு மூன்று நாள் காயவிட்டு, மணல் கலந்த மண்மேல் சும்மா கிடத்தினால் போதும். வேர் வரும்வரை தண்ணீர் வேண்டாம். தாய் இலை சுருங்குகிறதே என்று பிய்த்துவிடாதீர்கள், குட்டி அதைக் குடித்துத்தான் வளர்கிறது. போன பிப்ரவரியில் வைத்த 14 இலையில் 11 பிழைத்தன.

இவ்வளவு நல்ல செடியை ஐப்பசி மழை நான்கே நாளில் முடித்துவிட்டது. சென்னை வெயிலை அது தாங்கும். விடாத ஈரத்தைத் தாங்காது. தண்டு கறுத்து, இலை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் வேரை மறந்துவிட வேண்டியதுதான். நுனியில் கெடாத பகுதி இருந்தால் வெட்டிக் காயவைத்து நடலாம். நான் பார்த்தபோது நுனியும் போயிருந்தது. நர்சரியில் தந்த தொட்டியில் முழுக்கத் தேங்காய் நார்த்தூள். மூன்று வருடமாக நானும் அதை மாற்றவில்லை. பாதிக்குப் பாதி பெருமணலும் செங்கல் பொடியும் சேர்த்திருந்தால் தப்பியிருக்கும் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

தோழியிடம் வேண்டாம் என்றே சொன்னேன். மழைச்சாரல் படாத ஜன்னல் இல்லாத வீட்டுக்கு இது ஆகாது, காசைக் கொடுத்து மனவேதனையை வாங்காதீர்கள்.

தட்டில் இருந்த 11 குட்டிகளையும் சமையலறை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். பொங்கல் வரை அங்கிருந்து அசைக்கப் போவதில்லை.