கெரட்டோகோனஸ் கண்ணுக்கு லென்ஸ் பொருத்த எங்கே செல்வது: கண்ணாடிக் கடையா, சென்னை மருத்துவமனையா, அருகிலுள்ள ஆப்டோமெட்ரிஸ்டா?

தஞ்சாவூருக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். விடைத்தாள் திருத்தும்போது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி இரண்டாகவும் மூன்றாகவும் தெரியத் தொடங்கிய பிறகே கண் மருத்துவரிடம் சென்றேன். அங்கே எடுத்த டோப்போகிராபியில், அதாவது கருவிழியின் வளைவை வரைபடமாக்கும் சோதனையில், இரண்டு கண்களிலும் கெரட்டோகோனஸ் இருப்பது உறுதியானது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மூன்று இடங்களில் லென்ஸ் பொருத்திக்கொண்டு, இறுதியில் ஒன்றில் நிலைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த மூன்றையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

நோயைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவிழி மெலிந்து, கூம்பு போல முன்னே தள்ளுகிறது. மேற்பரப்பு ஒழுங்கற்றுப் போவதால், ஓரளவுக்கு மேல் மூக்குக் கண்ணாடியால் பார்வையைச் சீராக்க முடிவதில்லை. கடினமான காண்டாக்ட் லென்ஸ் வைக்கும்போது, லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையிலுள்ள மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிவிட, ஒளி புகுவதற்கு வழவழப்பான புதிய முகப்பு ஒன்று கிடைக்கிறது. பார்வை தெளிவதற்கு இதுவே காரணம். லென்ஸ் நோயை நிறுத்தாது; நோய் வளர்வதைத் தடுக்கும் சிகிச்சை சி3ஆர், அதாவது சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதியாக்குவது. அது மருத்துவமனையில் மட்டுமே நடக்க வேண்டியது என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

முதலில் கண்ணாடிக் கடை. எங்கள் ஊர்க் கடையில் கம்ப்யூட்டர் பரிசோதனை செய்து, கருவிழியின் வளைவை ஒரே கருவியில் அளந்து, அந்த எண்ணுக்கு ஏற்ற ஆர்ஜிபி லென்ஸ் (காற்றுப் புகும் கடினமான சிறிய லென்ஸ்) ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்கள். கூம்பு வடிவக் கருவிழியில் இடத்துக்கு இடம் வளைவு மாறும் என்பதையும், நடுப்பகுதியின் ஓர் எண்ணை வைத்து லென்ஸைத் தீர்மானிக்க முடியாது என்பதையும் அப்போது நான் அறிந்திருக்கவில்லை. லென்ஸ் வைத்த மூன்றாம் நாளே கண் சிவந்து நீர் வடிந்தது. கடைக்குச் சென்று சொன்னபோது, "பத்து நாள்ல பழகிடும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் பழகவில்லை. கண் மருத்துவர் பார்த்தபோது, லென்ஸ் மிகத் தட்டையாக இருந்து கூம்பின் உச்சியில் உரசியிருப்பதும், அந்த இடத்தில் மேல்தோல் சிராய்த்திருப்பதும் தெரிந்தன. இப்படித் தொடர்ந்து உரசினால் உச்சியில் வடு விழும் வாய்ப்பு கூடும் என்றும், வடு விழுந்துவிட்டால் எந்த லென்ஸாலும் அந்தத் தெளிவை முழுமையாக மீட்க முடியாது என்றும் அவர் விளக்கினார். எல்லாக் கண்ணாடிக் கடைகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆப்டோமெட்ரியில், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடியும் லென்ஸும் பொருத்தும் துறையில், நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் அமர்ந்திருக்கும் கடைகளும் உண்டு. ஆயினும் அளவு பார்ப்பதற்கான ட்ரையல் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்க்காமல், மஞ்சள் நிற ஃப்ளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்க்காமல், கெரட்டோகோனஸ் கண்ணுக்கு லென்ஸ் கொடுக்கும் இடம் எதுவாயினும் அதைத் தவிர்த்துவிட வேண்டும்.

அந்தச் சாயச் சோதனை எவ்வளவு எளியது என்பதை நேரில் கண்டபின் என் வருத்தம் கூடியது. சாயம் தோய்ந்த சிறு தாளை நனைத்து இமைக்குள் தொட்டு, நீல ஒளியில் நோக்கினால், லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும்; லென்ஸ் கருவிழியைத் தொடும் இடம் கருமையாகத் தெரியும். நடுவில் பெரிய கரும்புள்ளி தெரிந்தால் லென்ஸ் தட்டை. நடுவில் பச்சைக் குளம் தேங்கினால் லென்ஸ் மிகவும் செங்குத்து. உச்சியில் மெல்லிய தொடுகையும், இரு ஓரங்களில் தாங்கலும் இருப்பதே கெரட்டோகோனஸுக்கான ஆர்ஜிபியில் தேடப்படும் அமைப்பு. இரண்டு நிமிட வேலை.

அடுத்து, சென்னையிலுள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனையின் காண்டாக்ட் லென்ஸ் பிரிவு. திறமையைப் பொறுத்தவரை அங்கே குறை சொல்ல எதுவும் இல்லை. 1985-இல் சென்னையில் எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி தொடங்கப்பட்டதிலிருந்து இந்த நகரத்தில் ஆப்டோமெட்ரி நன்கு வேரூன்றியிருக்கிறது. நான் சென்ற பிரிவில் பலவகை ட்ரையல் செட்டுகள் இருந்தன. கருவிழி மருத்துவர் அடுத்த அறையிலேயே இருந்தார். பென்டகாம் என்னும் கருவியில் எடுக்கும் கருவிழிப் படமும் லென்ஸ் சோதனையும் ஒரே நாளில் முடிந்தன. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்த பால் ரோஸ் என்னும் ஆப்டோமெட்ரிஸ்ட் கெரட்டோகோனஸுக்கென்றே வடிவமைத்த ரோஸ் கே வகை ஆர்ஜிபி லென்ஸை அங்கேதான் முதன்முதலில் அணிந்தேன். கூம்பு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்கு லென்ஸின் பார்வை மண்டலமும் சுருங்கும்படி அமைத்திருப்பது அதன் சிறப்பு. கரும்பலகையின் கடைசி வரி எனக்கு மறுபடியும் தெளிவாகத் தெரிந்தது அந்த லென்ஸில்தான்.

ஆயினும் நான் அங்கே தொடரவில்லை. அதற்கான காரணமே இந்த ஒப்பீட்டின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கெரட்டோகோனஸ் லென்ஸ் முதல் முறையிலேயே சரியாக அமைவது அரிது. ட்ரையலில் நன்றாக அமர்ந்த லென்ஸ், ஆய்வகத்திலிருந்து பவரோடு வந்தபின் சற்று இடம் மாறி அமரும். ஒரு வாரம் அணிந்தபின் ஓரம் இறுகும். ஆறு மாதத்தில் கருவிழியே மாறியிருக்கலாம். ஆகவே லென்ஸ் வாங்குவது என்பது ஒரு பொருளை வாங்குவது அன்று. குறைந்தது ஐந்தாறு முறை திரும்பத் திரும்பச் சென்று சரிசெய்துகொள்ளும் ஒரு தொடர் வேலை. முதல் லென்ஸை யார் தருகிறார்கள் என்பதைவிட, இரண்டாவது மூன்றாவது திருத்தங்களை யார், எவ்வளவு எளிதாக, எந்தக் கட்டணத்தில் செய்து தருவார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

இதில் தொலைவு எப்படிக் குறுக்கே வந்தது என்பது பலருக்கும் தோன்றாத ஒன்று. மறுபரிசோதனைக்கு வரும்போது லென்ஸைக் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் அணிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது கண்ணில் முழுமையாக அமர்ந்த நிலையைப் பார்க்க முடியும். தஞ்சாவூரிலிருந்து உழவன் விரைவு ரயிலில் இரவு கிளம்பி விடியற்காலையில் எழும்பூரில் இறங்குவேன். லென்ஸோடு உறங்கக் கூடாது என்பதால் பயணத்தில் அணிய முடியாது. ரயில் நிலையக் கழிப்பறையில், குழாய் நீர் சொட்டும் இடத்தில், லென்ஸைக் கையில் எடுக்கவே அச்சமாக இருக்கும். குழாய் நீர் லென்ஸில் பட்டால் அகாந்தமீபா என்னும் கிருமியால் கடுமையான தொற்று வரக்கூடும் என்று அறிந்தவர்கள் இந்த அச்சத்தைப் புரிந்துகொள்வார்கள். கடைசியில் மருத்துவமனை திறந்தபின் அங்கே கைகழுவி லென்ஸ் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் பரிசோதனைக்கு அமர்வேன். லென்ஸ் அப்போதுதான் வைத்தது போல அழகாக இருக்கும். "நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்புவார்கள். மாலை நான்கு மணிக்கு, நான் திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, அதே லென்ஸ் இறுகி உறுத்தத் தொடங்கும். இது மூன்று முறை நடந்தது. அவர்கள் பார்த்ததும் உண்மை, நான் உணர்ந்ததும் உண்மை; இரண்டும் ஒரே மணி நேரத்தில் சந்திக்கவே இல்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் வேறொரு ஆப்டோமெட்ரிஸ்ட் பார்த்ததால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது வழி திருச்சியில் தனியாக காண்டாக்ட் லென்ஸ் கிளினிக் நடத்தும் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட். அவரைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். லென்ஸ் தயாரிக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, எங்கள் பக்கத்து மாவட்டங்களில் உங்கள் கெரட்டோகோனஸ் ட்ரையல் செட்டை வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டேன். செட் வாங்கி வைத்திருப்பவர்தான் அதைத் தொடர்ந்து பயன்படுத்துபவர் என்பதால், விளம்பரப் பலகையைவிட இந்த விடை நம்பகமானது. என் கருவிழி மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதே பெயரைச் சொன்னார். பிறகு கிளினிக்கை அழைத்து, மாதத்துக்கு எத்தனை கெரட்டோகோனஸ் கண்களுக்குப் பொருத்துகிறீர்கள், லென்ஸ் சரியாக அமையாவிட்டால் எத்தனை நாளுக்குள் எத்தனை முறை கட்டணமின்றி மாற்றித் தருவீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா என்று மூன்றே கேள்விகள் கேட்டேன். தயங்காமல் விடை வந்தது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை மாற்றம். ரசீதிலேயே எழுதித் தந்தார்கள். பல இடங்களில் இந்த நிபந்தனை வாய்ச்சொல்லாக மட்டுமே இருக்கிறது.

இப்போது மறுபரிசோதனை நாளில் காலை ஆறு மணிக்கு வீட்டில் லென்ஸ் வைத்துக்கொள்கிறேன். எட்டு மணிப் பேருந்தில் ஏறி, ஒன்றேகால் மணி நேரத்தில் திருச்சி. பத்தரை மணிக்கு அவர் பார்க்கும்போது லென்ஸ் நாலரை மணி நேரம் கண்ணில் அமர்ந்திருக்கும். நான் படும் சிரமத்தை அவர் கண்ணாலேயே பார்க்கிறார். இரண்டாவது வருகையிலேயே, "சார், உங்க லென்ஸ் ஓரம் மூக்குப் பக்கத்துல ரத்தக்குழாயை அழுத்துது, நான் போன வாரம் பார்த்தப்ப இது இல்ல" என்றார். முதல் வாரத்தில் பார்த்தவரும் அவரே என்பதால்தான் அந்தச் சொல் சாத்தியமாயிற்று.

அவர் சொன்ன அந்த லென்ஸ் ஸ்க்ளீரல் வகை; எனக்கு ஆர்ஜிபியை நிறுத்தி அதைப் பொருத்தியவர் அவரே. சுண்ணத்துகளும் இருசக்கர வாகனத் தூசியும் சிறிய ஆர்ஜிபிக்கு அடியில் புகுந்து வகுப்பின் நடுவே கண்ணீர் விட வைத்ததே காரணம். ஸ்க்ளீரல் பெரியது, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவிழியைத் தொடாமல் தாண்டி, வெள்ளை விழியில் அமர்கிறது. அடியில் 200 முதல் 300 மைக்ரான் இடைவெளி விட்டு அளவெடுப்பார்கள். சில மணி நேரத்தில் லென்ஸ் தாழ்ந்து அந்த இடைவெளி குறையும். காத்திருந்து பார்க்க வேண்டும் என்பதன் பொருள் இங்கே இன்னும் கூடுகிறது.

வைக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க அன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் செலவிட்டார். லென்ஸைச் சிறிய ரப்பர் தாங்கியின் மேல் கிண்ணம் போல வைத்து, பதப்பொருள் கலக்காத சலைனை விளிம்பு வரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து, கண்ணை அந்தக் கிண்ணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நான்கு முறையும் காற்றுக்குமிழி சிக்கியது. கண்ணாடியில் பார்த்தால் கருவிழியின் மேல் வெள்ளி வட்டம் போல நின்றது. குமிழி இருந்தால் கழற்றி மறுபடி வைக்க வேண்டும் என்றார். ஐந்தாம் முறை சரியாக வைத்த பிறகும், நானே மூன்று முறை கழற்றி வைத்துக் காட்டும் வரை லென்ஸை என்னிடம் ஒப்படைக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

செலவில், நான் ஒரு ஸ்க்ளீரல் லென்ஸுக்குக் கொடுத்தது என் பழைய ரோஸ் கே லென்ஸின் விலையைப் போல மூன்று மடங்கு. சென்னைப் பயணங்களின் ரயில் கட்டணத்தையும் விடுப்பு நாட்களையும் கணக்கிட்டால் இடைவெளி குறைகிறது, ஆனால் மறைந்துவிடவில்லை.

ஸ்க்ளீரல் அணிந்து எனக்கு ஏழு மாதமே ஆகிறது. மாலையில் சில நாள் லென்ஸுக்கு அடியில் புகைமூட்டம் போலப் படிந்து, கழற்றிச் சலைன் மாற்றி மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அணிந்தவர்களின் அனுபவத்துக்கு முன் என் சொல் சிறியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்றால் என் பரிந்துரையை அப்படியே ஏற்க வேண்டாம். அந்த வயதில் நோய் வேகமாக வளரக்கூடும் என்பதால், டோப்போகிராபியும் சி3ஆர் முடிவும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் மருத்துவமனையே முதலில் பொருத்தம். கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அதுவே. அரவிந்த் கண் மருத்துவமனைக் கிளைகள் இருக்கும் மதுரை, கோவை போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்குத் தொலைவு என்ற என் வாதமே எழாது. அவர்கள் மருத்துவமனையிலேயே தொடரலாம்.

நானும் மருத்துவமனையைக் கைவிடவில்லை. ஆண்டுக்கொரு முறை டோப்போகிராபிக்குச் செல்கிறேன். அதற்கு முன் எத்தனை நாள் லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பள்ளி விடுமுறையில் அமைத்துக்கொள்கிறேன். லென்ஸ் கருவிழியின் வடிவைத் தற்காலிகமாக மாற்றக்கூடும் என்பதால் இந்த இடைவெளி தேவை.

ஒரே ஆளை நம்பும் வழியில் ஒரு குறை உண்டு. அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் ஊர் மாறினால் நான் மறுபடி தொடக்கத்துக்கு வர நேரும். அதனால் லென்ஸின் வளைவு, விட்டம், ஆழம், ஓர அமைப்பு, பவர், தயாரித்த ஆய்வகம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்டேன். "இதைக் கேட்கிறவங்க ரொம்பக் குறைவு சார்" என்று சொல்லி, அப்போதே எழுதிக் கொடுத்தார். அதன் நகல் ஒன்றை என் மருத்துவமனைக் கோப்பிலும் சேர்த்திருக்கிறேன்.