சோம்பேறிக் கண்: பட்டையா, சொட்டு மருந்தா?

என் மகளுக்கு நான்கு வயதில் இடது கண் சோம்பேறிக் கண் என்றார்கள்; அதாவது மூளை அந்தக் கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாததால் அதில் பார்வை மங்கல். முதலில் கண்ணாடி. அப்புறம்தான் கேள்வி: அந்தக் கண்ணை வேலை வாங்க, நல்ல கண்ணைப் பட்டை ஒட்டி மறைப்பதா, அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்குவதா?

பட்டை சீக்கிரம் வேலை காட்டும். மிதமான பாதிப்புக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டினாலும் 6 மணி நேரம் ஒட்டினாலும் பலன் ஒன்றுதான் என்று 2003இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்த்து ஓரம் பிரிந்துவிடும். இவளோ அந்த இடுக்கு வழியாக நல்ல கண்ணாலேயே கார்ட்டூன் பார்ப்பாள். பிய்த்த பட்டை பீரோ கதவில் ஒட்டியிருக்கும்.

சொட்டில் அந்த வித்தை பலிக்காது. மிதமான பாதிப்பில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். சனி, ஞாயிறு மட்டும் விடும் முறையும் உண்டு. ஆனால் கண்பாவை விரிந்தே இருப்பதால் வெளிச்சம் கூசும். ஏற்காடு ஏரிக்கரையில் தொப்பியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்தாள். முகம் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பாட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

எங்கள் வீட்டில் சொட்டுதான் ஜெயித்தது. பாதிப்பு கடுமையாக இருந்திருந்தால் பட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பேன்.