ஸ்மார்ட் பேண்ட், மூச்சு, பீலித் தண்ணீர்: தோட்டத்து வீட்டில் இரண்டு வருடங்களுக்குப் பிறகு

மனசையும் உடம்பையும் பேணுவதற்கென்று இப்போது வருகிற புதுப் பழக்கங்களில் பெரும்பாலானவை, நமக்கென்று ஒரு தனி அறையும் யாரும் கூப்பிடாத ஒரு மணிநேரமும் இருப்பதாக வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை), அதோடு அப்பா சேர்த்துக் கட்டிய இஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால் குசினி. இதற்குள் ஐந்து பேர். அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இந்த வீட்டில் இருந்துகொண்டே இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஆட்களுக்கு நடுவிலேயே செய்ய முடிந்தவைதான் தங்கின. தோட்டத்தில் இருக்கும் மற்றப் பெண்களுக்கும் இது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது விலை குறைந்த ஒரு ஸ்மார்ட் பேண்ட். மணிக்கட்டுக்கு அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கும். ரத்தம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சுவது ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதை வைத்து இதயத்துடிப்பைக் கணக்கிடுகிறது. நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலைக் குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், எண் தாறுமாறாக ஓடும். சுவெட்டர் கையை இறக்கி மூடி, கை சூடேறிய பிறகு பார்த்தால் சரியாக வரும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிக் கட்டினாலும் வித்தியாசம் தெரிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இவ்வளவு என்று அது காட்டுவதை மட்டும் நான் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கருவியே கறுப்பு நோயாளிகளிடம் உள்ளதைவிட அளவைக் கூட்டிக் காட்டிவிடுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நம் நிறத்துக்கு அது யோசிக்க வேண்டிய செய்தி. மூச்சு வாங்குகிறதென்றால் பேண்டைப் பார்த்து ஆறுதல்பட வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

தூக்கத்துக்கு அது நன்றாகவே உதவியது. எப்போது தூங்கினோம், எப்போது எழுந்தோம் என்பதை இந்தக் கருவிகள் ஓரளவு சரியாகப் பிடிக்கின்றன. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பதில்தான் தடுமாறும். அதை உறுதியாகச் சொல்ல மூளை அலைகளை அளக்க வேண்டும். எண் சரியில்லையே என்ற கவலையிலேயே தூக்கம் கெடுபவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் எழுதி, ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். அதனால் தூக்கத்துக்குப் புள்ளி போடும் பக்கத்தை நான் திறப்பதே இல்லை. படுத்த நேரம் மட்டும் பார்ப்பேன். தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வாரங்களில் அது எப்படித் தள்ளிக்கொண்டே போகிறது என்று கண்ணால் கண்ட பிறகு, தாள்களைப் பின்னேரத்திலேயே முடிக்கப் பழகினேன்.

தூக்கத்தோடு வருவது தேத்தண்ணி. உடம்புக்குள் போன கஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணிநேரம் ஆகும். அப்படியென்றால் மாலை 6 மணிப் பிளேன்டீயில் பாதி இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. தேயிலைக்கு நடுவில் வாழ்கிறவர்களிடம் தேத்தண்ணியை விடச் சொல்ல முடியாது, விடவும் தேவையில்லை. பின்னேரத் தேத்தண்ணியை 4 மணிக்கு முன்னால் கொண்டுவந்தோம், இருட்டிய பிறகு கொத்தமல்லி அவித்த தண்ணீர். இன்னொன்றும் செய்தோம். சோற்றோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணிநேரம் விட்டால் போதும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். ரத்தம் குறைவு என்று சொல்லப்பட்ட அக்காமார் எத்தனையோ பேர் அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். செலவே இல்லாத மாற்றம் இது. தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

அடுத்தது மூச்சு. நான் பார்த்த எல்லாவற்றிலும் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 4 எண்ணி இழுத்து, 7 எண்ணிப் பிடித்து, 8 எண்ணி விடும் முறை அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வைல் பரப்பியது. பிடித்து வைத்திருக்கும் பகுதி எனக்கு ஒத்துவரவில்லை, நெஞ்சு அடைப்பது போல வந்தது. நிலைத்தது வேறொன்று. மூக்கால் ஒருமுறை இழுத்து, விடாமல் அதன்மேலேயே இன்னொரு சிறு இழுப்பு, அப்புறம் வாயால் மெதுவாக, நீளமாக விடுவது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இதை ஒரு மாதம், தினம் 5 நிமிடம் செய்ய வைத்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். தியானம் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களின் மனநிலை அதிகம் தெளிந்திருந்தது. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தானாகவே தணியும், மூளையில் இருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது.

இதற்கு எந்த அறையும் வேண்டாம் என்பதுதான் பெரிய விஷயம். உள்ளே நாடகம் ஓடும், குசினியில் சோறு வேகும், தம்பியின் பிள்ளை என் முதுகில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லும். நான் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து இதைச் செய்வேன், யாருக்கும் தெரியாது. ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டும் செய்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால், அதிபர் கூப்பிடும்போது, ஆஸ்பத்திரி வரிசையில் என்று எங்கெல்லாம் கை நடுங்குமோ அங்கெல்லாம் இது கூட இருக்கிறது. தியானச் செயலிகளையும் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடு, அமைதியான இடத்தைத் தேர்ந்தெடு என்று ஆரம்பிக்கும்போதே பக்கத்துக் காம்பராவின் ரேடியோ கேட்கும். சந்தாவும் டொலரில். விட்டுவிட்டேன்.

குளிர்ந்த நீர்க் குளியலுக்கு வருவோம். ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள் உலகம் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்து வளர்ந்த நமக்கு அந்த நடுக்கம் புதிதல்ல. நெதர்லாந்தில் சுமார் 3000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வந்தது. சுடுநீர்க் குளியலின் கடைசி 30 முதல் 90 விநாடி வரை குளிர்ந்த நீரில் நின்றவர்கள் நோய் விடுப்பு எடுப்பது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயாக இருந்த நாட்கள் குறையவில்லை. நோய் வந்தாலும் எழுந்து வேலைக்குப் போகும் தெம்பு கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவமும் அதுதான். வெந்நீர் வாளியை முடித்துக் கடைசி இரண்டு சட்டி பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் தலை தெளிகிறது, முதல் பாடவேளைக்கு உற்சாகமாகப் போகிறேன். தடிமன் வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது. பிரஷர் உள்ளவர்களும் நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும் இதைத் தொட வேண்டாம். குளிர்ந்த நீர் சட்டென்று படும்போது ரத்த அழுத்தம் எகிறும். அம்மாவை நான் ஜனவரி மாதத்தில் பீலிக்கே விடுவதில்லை.

நடையைப் பற்றி ஒரு பழைய எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது: 10,000 அடிகள். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரில் இருந்து வந்தது, மருத்துவ ஆய்வில் இருந்து வந்ததல்ல. வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சுமார் 7500 அடிகளுக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஒருநாள் பேண்டை அம்மா கையில் கட்டி மலைக்கு அனுப்பினேன். ஏற்றத்தில் ஏறியதையும், இடுப்பில் படங்கு கட்டி முதுகில் கொழுந்துச் சுமையோடு சரிவில் நின்றதையும் அந்த எண் சொல்லவே இல்லை. மலையில் வேலை செய்பவர்களுக்கு நடை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தேவை ஓய்வு. என்னைப் போல உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்பவர்களுக்குத்தான் நடை தேவை.

காட்டில் மெதுவாக நடந்து மனசை ஆற்றிக்கொள்ளும் பழக்கத்தை ஜப்பானின் வனத்துறை 1982இல் ஷின்ரின் யோகு என்ற பெயரில் ஊக்குவிக்கத் தொடங்கியது. இப்போது அது நம் மலைகளுக்கும் வந்திருக்கிறது. ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள் வழியாக. அதன் ஒரு கட்டத்தைத் தோழிகளோடு நடந்தேன். உண்மையிலேயே அருமையான நாள். பச்சையைப் பார்த்தால் மனசு ஆறும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமான விஷயம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். கொழுந்து நிறுவைக் கணக்கு இல்லாமல், நம் மலையில் நாமே சும்மா நடக்கும் உரிமை நமக்கும் உண்டு. மருந்தடிக்கும் நாளில் தேயிலைக்குள் போகாதீர்கள், குளவிக்கூடு இருக்கும் மரங்களை அந்த மலையில் வேலை செய்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்ளுங்கள்.

தசைப்பிடிப்பை உருளையால் உருட்டி விடும் பழக்கமும் பரவலாகியிருக்கிறது. உருளைக்குத் தரையில் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். ஒரு டென்னிஸ் பந்து போதும். குசினிச் சுவரில் முதுகைச் சாய்த்து, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் பந்தை வைத்து, முழங்காலை மடக்கி நிமிர்த்தினால் பந்து மேலும் கீழும் உருளும். வலிக்கும் இடத்தில் அரை நிமிடம் அழுத்தி நிற்க வேண்டும், முதுகெலும்பின் மேல் மட்டும் வைக்கக் கூடாது. அம்மா முதல்தடவை செய்தபோது கண்ணை மூடிக்கொண்டார். “இந்தப் பந்துக்கா புள்ள இவ்வளவு நேரம் சொன்ன? நல்லாத்தான் இருக்கு, அங்கயே வையி,” என்றார். அன்றிலிருந்து பந்து உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்தாலேப என்ற வலித் தைலத்தைப் பூசிய பிறகு செய்தால் இன்னும் சுகம் என்பது அவருடைய சொந்தச் சேர்க்கை.

அஷ்வகந்தா மிட்டாய் என்று போனில் விளம்பரம் வருகிறதே, அது நம் அமுக்கராக் கிழங்குதான். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ஈரல் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நான் வாங்கவில்லை.

மனசு விஷயத்தில் மூச்சும் நடையும் ஓர் அளவுவரைதான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது செயலியால் தீர்க்கும் காரியமல்ல. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். எங்கள் லயத்தில் ஒரு தங்கச்சிக்கு நான் பக்கத்தில் இருந்து அழைத்துக் கொடுத்தேன், காம்பராவுக்குள் பேச முடியாததால் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசினாள். இப்போது மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வருகிறாள்.

பேண்டின் பட்டி போன மாதம் அறுந்தது. புதிதாக வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, மேல்கையில் சுற்றி அளக்கும் பிரஷர் மெஷின் வாங்கினோம். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசையில் வைத்து, அம்மாவுக்குக் காலையிலும் மாலையிலும் பார்க்கிறோம். எண்களைக் கொப்பியில் எழுதிக் கிளினிக்கில் காட்டியபோது, அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினார். பக்கத்துக் காம்பரா ஆச்சியும் இப்போது மாலையில் கையை நீட்டிக்கொண்டு வருகிறார், அவருக்கும் ஒரு கொப்பி போட்டிருக்கிறேன்.