அடினியம் ஒட்டுச்செடி வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் அடினியம் (பாலைவன ரோஜா) ஒட்டுச்செடி வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒட்டுச்செடி என்றால், சாதாரண அடினியத்தின் பருத்த அடிமேல் (அதுதான் அடிச்செடி) நல்ல ரகத்தின் கிளையை ஒட்டிக் கட்டி வளர்த்தது.

கருஞ்சிவப்பில் மூன்றடுக்குப் பூ என்று படம் போட்டிருந்த ஒருவரிடம் 650 ரூபாய்க்கு ஒரு செடி வாங்கினேன். பார்சலில் பூ இல்லாமல்தான் வந்தது. வழியில் பூ உதிர்வது சகஜம் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. அடி நன்றாகப் பருத்திருந்தது, வேரிலும் அழுகல் இல்லை. மாடியில் நல்ல வெயிலில் வைத்தேன். கடைசியில் மலர்ந்தது, ஐந்தே இதழ் கொண்ட ரோஸ் நிற ஒற்றைப் பூ! நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் அடர்ந்து இருக்குமே, எல்லா நர்சரியிலும் கிடைக்கும் அந்தச் சாதாரண அடினியம்.

தண்டைப் பார்த்தால் கதை தெரிந்துவிடுகிறது. பருத்த அடிக்கு மேலே, விரல் கனத்தில் ஒரு கட்டை தட்டையாக வெட்டப்பட்டு, சாம்பல் நிறத்தில் காய்ந்து நிற்கிறது. ஒட்டு டேப் இறுக்கிய தடம்கூட இன்னும் போகவில்லை. மூன்று கிளைகளும் அந்த வெட்டுக்குக் கீழே, பக்கவாட்டில் துளிர்த்தவை. மேலே கட்டிய ஒட்டு பிடிக்காமல் போக, அதை நறுக்கிவிட்டு, அடிச்செடி தானாக விட்ட துளிரை ‘ஒட்டு’ என்று என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டால், “முதல் பூ அப்படித்தான் சார் வரும், அடுத்த தடவை அடுக்கா பூக்கும்” என்கிறார். அடுக்கு ரகம் சோர்ந்திருந்தால் இதழ் குறைத்துப் பூப்பது உண்டுதான். ஆனால் ஒட்டுக்குக் கீழிருந்து வந்த கிளையில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அடிச்செடியின் பூதான் வரும். வெட்டுத் தழும்பைப் படம் எடுத்து அனுப்பினேன். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். மாற்றித் தருவதற்கான கெடு ஒரு வாரம்தான், செடி பூக்கவோ மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

அதனால் பூப்படத்தை நம்பாதீர்கள். உங்களுக்கு வரப்போகிற அதே செடியின் தண்டை அருகில் எடுத்த படமாகக் கேளுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு கோடோ சின்னப் புடைப்போ தெரிய வேண்டும். பூக்க வேண்டிய கிளைகள் அதற்கு மேலிருந்து வர வேண்டும். படம் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம், ‘நீல அடினியம் விதை’ என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அப்படி ஒரு நிறமே இந்தச் செடியில் கிடையாது.

நல்ல ஒட்டுச்செடியே கிடைத்திருந்தாலும் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அது மேல்கிளையை அமுக்கிவிடும். கிள்ளும்போது வடியும் பால் நஞ்சு. கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.