செபென்சாவா, எக்ஸ்எம்-18ஆ? இரண்டையும் வைத்திருந்து ஒன்றைக் கொடுத்துவிட்ட கதை

ஒரு வருடத்துக்கும் மேலாக இரண்டு பெரிய மடக்குக் கத்திகள் மாறி மாறி என் பாக்கெட்டில் இருந்தன. ஒன்று கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் பெரிய செபென்சா 31, இன்னொன்று ரிக் ஹிண்டரரின் எக்ஸ்எம்-18, அதில் 3.5 அங்குல அளவு. இரண்டுமே "ஒரு கத்திக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டில் கேட்க வைக்கிற ரகம். பெரிதாக வேண்டும், நல்லதாக வேண்டும், ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்று கணக்குப் போடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து முட்டி நிற்பது இந்த இரண்டின் முன்னால்தான். நானும் நின்றேன், முதலில் தப்பாகத்தான் எடுத்தேன். கத்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கும்போது நான் கேட்டுக்கொண்ட கேள்வியே கோணல்.

"எதை ஒடிக்கவே முடியாது?" என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு எக்ஸ்எம்-18 பதில் சொல்லும், கையில் எடுத்த நொடியே சொல்லும். பிளேடின் முதுகு 4 மில்லிமீட்டரைத் தாண்டிய பருமன், மொத்த எடை 160 கிராமை ஒட்டி, ஒரு பக்கம் டைட்டானியம், மறுபக்கம் நன்றாகச் சொரசொரவென்று செதுக்கிய ஜி-10 பலகை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து இறுக்கிய பொருள். ஹிண்டரர் ஒஹாயோ மாநிலத்துக்காரர், தீயணைப்பு வேலையும் அவசர மருத்துவ உதவி வேலையும் பார்த்தவர், அது இந்தக் கத்தியின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பார்க்காமலேயே எடுத்து, பார்க்காமலேயே திறக்கலாம். பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஃபிளிப்பர் நாக்கை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினால் பிளேடு "டக்" என்று வந்து உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே முதல் வாரம் முழுக்க வெட்ட ஒன்றுமே இல்லாமல் நூறு தடவை திறந்து மூடியிருப்பேன், பக்கத்தில் இருந்தவர்கள் பொறுமை இழந்து திட்டும் வரை.

அதிலும் நான் எடுத்தது ஸ்பான்டோ என்கிற பிளேடு வடிவம். முனை வரைக்கும் பருமன் குறையாமல் வந்து சட்டென்று முடியும். குத்தித் துளை போட, முனையை வைத்து நெம்ப அது அருமை. வேறு எதற்கு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வீடு மாறியபோதுதான் யோசித்தேன். அறுபது எழுபது அட்டைப் பெட்டிகள், பாதிக்கு மேல் இரட்டை அடுக்கு அட்டை. காலி செய்து, பிரித்து, தட்டையாக்கி, கட்டுக்கட்டாக வெளியே போட வேண்டும். எக்ஸ்எம்-18ஐ வைத்து ஆரம்பித்தேன். கூர் நன்றாகத்தான் இருந்தது, கையில் இருக்கும் முடியைச் சிரைக்கிற கூர். ஆனால் ஒரு சாண் நீளம் அறுப்பதற்குள் அட்டை பிளேடை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும், நான் தோளிலிருந்து பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கும், திடீரென்று விட்டுக்கொடுத்து என் தொடையை நோக்கி வரும். பத்தாவது பெட்டியில் மணிக்கட்டு வலித்தது. உதவிக்கு வந்த நண்பர் சிரித்துக்கொண்டே தன் செபென்சாவை நீட்டினார். கோடு போட்ட மாதிரிப் போனது. அதே அட்டை, அதே கை. ஒரே கையிழுப்பில் மேலிருந்து கீழ் வரை.

இதற்குக் காரணம் இரும்பின் தரம் என்று நினைத்துவிட வேண்டாம், அது வெறும் வடிவக் கணக்கு. கூரின் கடைசி அரை மில்லிமீட்டர் மட்டும்தான் பொருளை வெட்டுகிறது. அதற்குப் பின்னால் வருகிற பிளேடு முழுவதும் வெட்டிய பிளவுக்குள் நுழைந்து இரண்டு பக்கத்தையும் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். பின்னால் வருவது தடியாக இருந்தால் அது கத்தி மாதிரி வேலை செய்யாது, மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி வேலை செய்யும். செபென்சாவின் முதுகும் ஒன்றும் மெலிசு கிடையாது, 3.5 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் பக்கவாட்டை உள்பக்கமாகக் குழித்துச் சீவியிருப்பதால் கூருக்குச் சற்று மேலே வரைக்கும் மெல்லியதாகவே வருகிறது. கயிறு மாதிரிச் சின்னப் பொருளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் கயிறு அறுந்ததும் விலகிவிடும். அட்டை, தடித்த ரப்பர், கம்பளம், நுரைப் பலகை மாதிரி விலகாமல் கவ்வுகிற பொருள்களில்தான் கத்தியின் குட்டு வெளிப்படும்.

நேர்மையாகச் சொன்னால், எக்ஸ்எம்-18ஐ ஸ்லைசர் வடிவத்தில் எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு கடுப்பு வந்திருக்காது. அது ஸ்பான்டோவை விட வெட்டுக்கு ஏற்றது. யாராவது இந்தக் கத்திதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ஸ்லைசரை எடுங்கள், படத்தில் ஸ்பான்டோதான் அழகாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, செபென்சா. அந்த வீடு மாற்றத்துக்கு மூன்று மாதம் கழித்து எனக்கென்று ஒன்று வாங்கினேன். ஜூலு மொழியில் செபென்சா என்றால் 'வேலை'. கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காக்காரர், 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். இன்று எல்லோரும் ஃபிரேம் லாக் என்று சொல்கிற பூட்டு அவர் கொண்டுவந்ததுதான், அவர் அதற்கு வைத்த பெயர் இன்டெக்ரல் லாக். பிடியின் ஒரு பக்க டைட்டானியத் தகட்டையே நீளவாக்கில் கீறி, உள்பக்கம் கொஞ்சம் வளைத்து விட்டிருப்பார்கள். பிளேடு திறந்ததும் அந்தத் தகடு பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கும். தனியாகப் பூட்டு என்று ஒரு உறுப்பே இல்லை. நாம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பூட்டும் இறுகும். எக்ஸ்எம்-18இல் இருப்பதும் இதே ஏற்பாடுதான், கூடுதலாக ஒரு சின்ன வட்டத் தகட்டை ஹிண்டரர் வைத்திருக்கிறார். பூட்டுத் தகட்டை யாரும் தெரியாமல் வெளிப்பக்கம் அளவுக்கு மீறித் தள்ளி அதன் விறைப்பைக் கெடுத்துவிடாமல் அது தடுத்து நிறுத்தும். நல்ல யோசனை. செபென்சா 31இல் வேறு மாதிரி: பூட்டும் பிளேடும் சந்திக்கிற இடத்தில் ஒரு செராமிக் உருண்டை. டைட்டானியம் நேராக இரும்பில் உரசினால் நாளாவட்டத்தில் தேயும், சில சமயம் பூட்டு பிளேடோடு ஒட்டிக்கொண்டு விடுபட மறுக்கும். இந்த உருண்டை அதைத் தவிர்க்கிறது. கத்தி மூடியிருக்கும்போது தானாகத் திறந்துகொள்ளாமல் பிடித்து வைப்பதும் அதே உருண்டைதான். ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆனால் நான் செபென்சாவிடம் விழுந்தது அச்சாணியில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாக மடக்குக் கத்தியில் அச்சாணித் திருகை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிளேடு ஓடும். அதிகம் இறுக்கினால் திறக்கவே வராது, தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து, திருகு நகராமல் இருக்கப் பசை போட்டு விட வேண்டும். செபென்சாவில் அச்சாணியைச் சுற்றி, பிளேடின் துளைக்குள் புஷ் என்று ஒரு குட்டி உலோகக் குழாய் இருக்கிறது. அதன் நீளத்தை, பிளேடும் இரண்டு பக்க வாஷர்களும் சேர்ந்த பருமனை விட ஒரு துளி மட்டும் அதிகமாக வைத்துக் கடைந்திருக்கிறார்கள். அதனால் திருகை முடிந்த மட்டும் இறுக்கலாம், அழுத்தம் முழுவதும் புஷ்ஷின் மேல் விழும், பிளேடு தன்பாட்டில் சுதந்திரமாக ஓடும். கழற்று, துடை, கிரீஸ் வை, மாட்டு, இறுக்கு, முடிந்தது. தேவையான ஆலன் கீயும் கிரீஸும் பெட்டிக்குள்ளேயே வருகின்றன, நீங்களே கழற்றுவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஈர மணலில் விழுந்த கத்தியை இரவில் மேஜை மேல் பிரித்துப் போட்டு, பதினைந்து நிமிடத்தில் பழையபடி மாட்டியிருக்கிறேன், வைத்த இடத்திலேயே பிளேடு நடுவில் வந்து நின்றது. இது சாத்தியமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் கொடுத்த காசு உறுத்தாது.

எக்ஸ்எம்-18இன் அச்சாணி வேறு தத்துவம். டிரை-வே என்று பெயர். பித்தளை நிறத்து பாஸ்பர் பிரான்ஸ் வாஷர், வழுக்கலான பிளாஸ்டிக் வாஷர், பேரிங் என்று மூன்றில் எது பிடிக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். நோண்டுகிற கைகளுக்குச் சொர்க்கம். பலகையை மாற்றலாம், கிளிப்பை மாற்றலாம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். பேரிங்கை எடுத்து வாஷர் போட்டேன், ஒரு பக்க வாஷரை எங்கேயோ தவறவிட்டு அரைமணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினேன், அப்புறம் திருகுக்குப் பசை போட மறந்து இரண்டு வாரத்தில் பிளேடு ஆட ஆரம்பித்தது. முழுக்க என் தப்பு. ஆனால் கத்தியில் எவ்வளவு மாற்ற முடிகிறதோ அவ்வளவு கெடுக்கவும் முடியும், என் மாதிரி ஆட்களுக்கு அது ஆபத்து.

செபென்சாவிடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கை ஈரமாக இருந்தால் அந்த வழவழ டைட்டானியப் பிடி மீன் மாதிரி நழுவப் பார்க்கும். கையுறையோடு கட்டைவிரல் குமிழைத் தேடித் திறப்பது எரிச்சல், ஃபிளிப்பர் கிடையாது. புதிதில் ஓட்டம் விறைப்பாக இருக்கும், ஒரு மாதம் புழங்கிய பிறகுதான் எண்ணெயில் நழுவுகிற மாதிரி ஆகும், அதுவரை "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும். பாக்கெட்டில் சாவியோடு போட்டால் பிடி முழுக்க நத்தை ஊர்ந்து போன மாதிரிப் பளபளக் கோடுகள் விழும். எனக்கு அது பரவாயில்லை, சிலர் அதைப் பார்த்து அழுவார்கள். அப்புறம், பார்க்க ரொம்பச் சாதுவாக இருக்கிறது. சாம்பல் நிற இரண்டு தகடு, ஒரு பிளேடு, அவ்வளவுதான். கூட்டத்தில் எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதை நான் நல்ல விஷயமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எஃகு பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்காக ஒரு பத்தி. இப்போது இரண்டிலுமே மேக்னாகட் கிடைக்கிறது. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த எஃகு. அதில் குரோமியம் கார்பைடுகளாகக் கட்டிக்கொள்ளாமல் கரைசலிலேயே நிற்பதால் துருவையும் தடுக்கும், எளிதில் பொடிந்தும் போகாது. பழைய எக்ஸ்எம்-18களில் 20சிவியும், இரண்டு நிறுவனங்களின் பழைய கத்திகளிலும் எஸ்35விஎன், எஸ்45விஎன் போன்ற எஃகு ரகங்களும் கிடைக்கும், அவையும் போதும். சாணைக்கு வைரத்தூள் பதித்த தகடு வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணக் கல்லில் மாரடிக்க வேண்டாம். தீட்டும்போதும் தடித்த பிளேடில் வேலை அதிகம், கூர் பின்வாங்கப் பின்வாங்க இன்னும் தடியான பகுதிக்குள் நுழைந்துகொண்டே போகிறோம் இல்லையா.

பாக்கெட்டில் செபென்சா ஜெயிக்கிறது. பிளேடு 9.2 சென்டிமீட்டர், அதாவது எக்ஸ்எம்-18ஐ விடக் கொஞ்சம் நீளமே, இருந்தும் எடை சுமார் 135 கிராம்தான், பிடியும் தட்டை. எக்ஸ்எம்-18 பாக்கெட்டில் இருப்பது உட்காரும்போதெல்லாம் தெரியும். இடக்கைக்காரர்களுக்கு என்றே பூட்டை மறுபக்கம் வைத்த செபென்சா தனியாக உண்டு, அதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. இரண்டு கத்திகளுக்கும் போலி ஏராளம், பெட்டி முதல் சான்றிதழ் வரை அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பழையது வாங்கினால் திருகுகளின் தலையைப் பெரிதாக்கிக் காட்டும் படம் கேளுங்கள். "பிரித்ததே இல்லை" என்று ஒருவர் எனக்கு விற்க வந்த கத்தியில் திருகுத் தலை எலி கடித்த மாதிரி இருந்தது. இன்னொன்று, இரண்டுமே பூட்டுள்ள, 3 அங்குலத்தைத் தாண்டிய கத்திகள். நீங்கள் இருக்கும் இடத்தில் இவற்றைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா என்று சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வாங்கிவிட்டுப் பார்க்காதீர்கள்.

யாருக்கு எது? கையுறையோடு வேலை, ஈரம், சேறு, கொஞ்சம் நெம்பல், கொஞ்சம் முரட்டுத்தனம் என்றால் எக்ஸ்எம்-18, யோசிக்கவே வேண்டாம். பெட்டி, கயிறு, ரப்பர், மரச் சீவல், உறை என்று வெட்டுகிற வேலைதான் என்றால் செபென்சா. நான் முந்தைய கூட்டத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். ஒரு வருடத்தில் கத்தியை வைத்து எதையாவது நெம்பினேனா என்று யோசித்துப் பார்த்தால், ஒரே ஒரு தடவை, ஒரு பெயிண்ட் டப்பா மூடி. அதற்கும் பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

எக்ஸ்எம்-18 இப்போது என் மைத்துனரிடம் இருக்கிறது. மரம் வெட்டும் வேலை, எப்போதும் கையில் தோல் கையுறை. இரண்டு வாரம் வைத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போனார், எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பார்த்தபோது ஜி-10 பலகையில் பிசின் அப்பியிருந்தது, பிளேடில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். "தீட்டித் தரவா?" என்று கேட்டேன். பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, "வேண்டாம் மச்சான், அப்புறம் நீங்க திருப்பித் தர மாட்டீங்க" என்றார்.